முதுமையில் உணவு

(சங்கக் கூட்டத்தில் வாலிப அங்கத்தவர்க்கும் பெரியோர்க்கும் ஆற்றிய உரை)



வாலிபர் சங்கத்து மேடையில் முதியோரின் உணவைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே எமது எண்ணம். வீட்டிலே சந்தைக்குப் போய் வருபவர் யார்? இன்று அடுப்பில் எதை ஏற்றுவது என்று முடிவு செய்பவர் யார்? பெரும்பாலும் நடுவயதினரும் இளையோருமே. எழுபது வயதுப் பாட்டனாரின் உணவுக் கோப்பையில் என்ன விழுகின்றது என்பதை அவரிலும் பார்க்க மற்றவர்களே தீர்மானிக்கின்றனர். ஆகவே, இன்று நாம் பேசவிருப்பது பெரியோரின் உடம்பைப் பற்றி. கேட்டு நடக்கவேண்டியவர்கள் இளையோர்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கை மக்களுள் 12.4 வீதத்தினர் 60 வயதும் அதற்கு மேற்பட்டவரும் ஆவர். அதன் பின்னர் அவ்வீதம் உயர்ந்தே வந்திருக்கிறது. எங்கள் ஊர்களில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் இருக்க, நாற்சார வீட்டிலே கிழவனாரும் கிழவியாரும் மாத்திரம் இருக்கிறார்கள். சில வீடுகளில் அவர்களுள் ஒருவர் மாத்திரம் எஞ்சியிருக்கிறார். பிள்ளைகள் பணம் அனுப்புவதில் குறை வைப்பதில்லை. ஆயினும், பணம் வந்த வீட்டிலும் உடம்பு மெலிவதைக் காண்கின்றோம். அது ஏன் என்பதே இன்றைய கேள்வி.

முதுமையிலே உணவு குறைவது இயல்பு என்பது எம்மவரின் பொதுவான நம்பிக்கை. "வயது போனவருக்கு ஒரு வாய்க் கஞ்சி போதும்" என்று சொல்லிவிடுகிறோம். இதில் பாதி உண்மை. மற்றப் பாதி பெரும் பிழை. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

முதலில் உண்மையான பாதியைப் பார்ப்போம். நாம் உண்ணும் உணவு உடம்பினுள் எரிந்து சக்தியாகின்றது. அச்சக்தியைக் கலோரி என்னும் அளவையால் அளக்கின்றனர். ஒரு கிராம் மாப்பொருள் ஏறக்குறைய 4 கலோரியையும், ஒரு கிராம் புரதம் 4 கலோரியையும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியையும் தரும். ஒருவர் பாயிலே அசையாது படுத்திருந்தாலும் இருதயம் துடிப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் உடம்பின் சூட்டைக் காப்பதற்கும் சக்தி செலவாகின்றது. இதனை ஓய்வுநிலைச் செலவு எனலாம். 1985 ஆம் ஆண்டில் உலக உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் கூடி வெளியிட்ட அறிக்கையில் இதனைக் கணிக்கும் முறை தரப்பட்டுள்ளது. அதன்படி 55 கிலோ நிறையுள்ள ஓர் ஆண்மகனுக்கு, 60 வயதுக்கு முன்னர் நாளொன்றுக்கு ஓய்வுநிலையில் ஏறக்குறைய 1,520 கலோரி செலவாகும். 60 வயது கடந்தபின் அதே நிறைக்கு ஏறக்குறைய 1,230 கலோரியே செலவாகும். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு 1,260 ஆக இருந்தது 1,120 ஆகக் குறையும்.

இத்துடன் நடத்தல், கூட்டுதல், கோயிலுக்குப் போய் வருதல் ஆகிய அன்றாட அலுவல்களுக்கான செலவையும் சேர்த்தால், பெரிய வேலையொன்றும் செய்யாத அந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 1,700 முதல் 1,900 கலோரி வரையும், அப்பெண்ணுக்கு 1,550 முதல் 1,700 கலோரி வரையும் போதுமானவை. தோட்டம் கொத்துபவருக்கும் துலா மிதிப்பவருக்கும் ஒரு காலத்தில் தேவைப்பட்ட குவித்த சோறு, அவர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்தபின் தேவைப்படாது. அளவறிந்து உண்பது நன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பேசாது உணவின் அளவையும் பசியையும் பேசுவது சிந்திக்கத்தக்கது.

இனிப் பிழையான பாதிக்கு வருவோம். சக்தித் தேவை குறைகின்றது என்பதனால் மற்றச் சத்துக்களின் தேவையும் குறையும் என்று எண்ணிவிடுகின்றோம். அது குறைவதில்லை. சிலவற்றில் கூடவே செய்கின்றது. சிறிய கோப்பையிலே பெரிய சத்தை அடக்கவேண்டிய காலம் முதுமைக்காலம்.

புரதத்தை எடுத்துக்கொள்வோம். வயது ஏற ஏறத் தசைநார்கள் சுருங்குகின்றன. இந்தத் தசைத் தேய்வுக்கு 1989 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்வின் றொசன்பேர்க் 'சார்க்கோபீனியா' என்று தனிப்பெயர் சூட்டினார். பெயர் புதிது, காட்சி பழையது. கதிரையிலிருந்து எழுகையில் கையை ஊன்றுவதும், கிணற்றடியில் வாளி தூக்க முடியாமற் போவதும், படியிலே தடுக்கி விழுவதும் இதன் அடையாளங்கள். விழுந்தால் தொடையெலும்பு முறியும். முறிந்தால் படுக்கை. படுக்கையிலே தசை இன்னும் தேயும். நன்றாக நடமாடிய ஒருவர் சில மாதங்களில் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வருவது பெரும்பாலும் இந்த வழியாலேதான். இத்தேய்வைத் தாமதிக்கச் செய்வன இரண்டு: போதிய புரதம், தசைக்கு வேலை.

2013 ஆம் ஆண்டில் பல நாட்டு அறிஞர் குழுவொன்று, 65 வயதைக் கடந்தவர்கள் தம் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் உண்ணவேண்டும் என்று விதந்துரைத்தது. 55 கிலோ நிறையுள்ளவருக்கு இது 55 முதல் 66 கிராம் வரையாகும். சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அவர்கள் தம் வைத்தியரின் சொற்படியே நடத்தல் வேண்டும்.

இப்பொழுது, தனித்து வாழும் முதியவர் ஒருவரின் ஒருநாள் உணவைக் கணக்கெடுத்துப் பார்ப்போம். காலையிலே வெறும் தேநீரும் மூன்று கிறீம் கிறாக்கர் பிஸ்கற்றும். மத்தியானம் ஓரளவு சோறு, ஒரு கிழங்குக்கறி, தண்ணீராய்க் கரைந்த பருப்பு இரண்டு கரண்டி, சொதி. மாலையில் தேநீரும் ஒரு பணிசும். இரவு மூன்று துண்டுப் பாணும் கொஞ்சம் சம்பலும். வயிறு நிறைந்துவிட்டது, பசியில்லை என்பார். ஆனால், இவ்வளவிலும் உள்ள புரதம் ஏறக்குறைய 25 கிராம்தான். வேண்டியதில் பாதியும் இல்லை. கலோரியும் 1,300 அளவிலேதான் நிற்கும். அதிலும் ஒரு பங்கு தேநீரிற் கரைந்த சீனி. இவர் பட்டினி கிடக்கவில்லை. மூன்று வேளையும் உண்டுகொண்டே மெலிகின்றார். அதனால்தான் அயலாருக்கும் தெரிவதில்லை, தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா அப்பா?" என்று கேட்கும் பிள்ளைக்கும் தெரிவதில்லை. "ஓம், சாப்பிட்டேன்" என்பது உண்மையான மறுமொழிதானே! கேட்கவேண்டிய கேள்வி, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பது.

இதே வீட்டில், இதே அடுப்பில், வேறு விதமாகச் செய்யலாம். காலையில் எழுந்ததும் சீனி குறைத்து ஒரு தம்ளர் பால். காலை உணவுக்குக் குரக்கன் பிட்டும் அதனுடன் அவித்த பாசிப்பயறு ஒரு சிறு கிண்ணமும். மச்சம் உண்பவர்கள் பயற்றுக்குப் பதிலாக ஒரு முட்டையும் சிறிது பருப்புக்கறியும் கொள்ளலாம். மத்தியானம் முன்னிலும் குறைந்த சோறு. கட்டியாகக் காய்ச்சிய பருப்பு. முருங்கையிலை வறை அல்லது கீரைக்கடையல். உள்ளங்கை அளவு மீன். சைவ போசனக்காரர் மீனுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் தயிரும் கொஞ்சம் சோயாமீற் கறியும் எடுத்துக்கொள்ளலாம். மாலையில் ஒரு பிடி வறுத்த கச்சானும் ஒரு வாழைப்பழமும். பல்லில்லாதவர்களுக்குக் கச்சானை இடித்துக் கொடுக்கலாம், அல்லது உழுத்தங்களி கிண்டிக் கொடுக்கலாம். இரவு பயற்றங்கஞ்சியோ, பருப்புக்கறியும் சொதியும் சேர்த்த இடியப்பமோ ஆகும். இந்த உணவில் 60 கிராம் அளவுக்குப் புரதம் சேர்ந்துவிடும். கலோரியும் 1,750 அளவில் நிற்கும். இவற்றுள் எங்கள் சந்தையிற் கிடையாத பொருள் ஒன்றேனும் உண்டா?

ஒரு நுட்பத்தையும் சொல்லிவைப்போம். புரதத்தை மத்தியானம் ஒரே வேளையிற் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பங்கிடுதல் நன்று. எங்கள் வீடுகளில் காலையும் இரவும் வெறும் மாப்பொருளாகவே போய்விடுகின்றன. பிட்டைத் தேங்காய்ப்பூவும் சீனியும் கொண்டு முடித்துவிடாமல், பக்கத்திலே ஒரு பருப்போ பயறோ முட்டையோ வைக்கும் பழக்கம் ஒன்றே பெரும் மாற்றத்தைச் செய்யும்.

அடுத்தது எலும்பு. ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கும் எழுபதைக் கடந்த ஆண்களுக்கும் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டுமென்பது அமெரிக்க நாட்டு நியமம். 200 மில்லிலீற்றர் பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் உண்டு. 100 கிராம் குரக்கன் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேலும், 100 கிராம் முருங்கையிலையில் 300 மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன. முள்ளோடு உண்ணும் நெத்தலியும் நல்லது. கருவாடாயின் உப்பைக் கழுவி நீக்கிச் சமைக்கவேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பால்மாவின் விலை ஏறியதும், பல வீடுகளிற் பால் நின்றதும் யாவரும் அறிந்ததே. அப்படிப்பட்ட வேளைகளிலும் வேலியோரத்து முருங்கை விலை ஏறுவதில்லை. எலும்புக்கு விற்றமின் 'டி' யும் வேண்டும். அதனைத் தருவது சூரியன். எங்கள் நாட்டிலே வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அறையை விட்டு வெளிவராத முதியவருக்கு அந்த வெயிலாற் பயனில்லை.

சைவ உணவுக்காரர்கள் குறித்துக்கொள்ளவேண்டிய இன்னொரு பொருள் விற்றமின் 'பி 12'. இது தாவர உணவிலே இயற்கையாகக் கிடைப்பதில்லை. பாலும் தயிருமே சைவ போசனத்தில் இதற்கு வழி. வயதானபோது இரைப்பையின் சுரப்புக் குறைவதனால், உண்ட உணவிலிருந்து இதனைப் பிரித்தெடுப்பதும் பலருக்குக் கடினமாகின்றது. சலரோகத்துக்குக் கொடுக்கும் மெற்போமின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் இது குறையலாம். கால் விறைப்பு, சோகை, மறதி ஆகியவை தோன்றும்போது "வயது போனால் இப்படித்தான்" என்று விட்டுவிடலாகாது. இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். குறைவாயின் மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுசெய்யலாம்.

இனிக் குறைக்கவேண்டியவை. முதலாவது சீனி. நாளொன்றுக்கு ஐந்து தடவை தேநீர் குடித்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் பத்துத் தேக்கரண்டி, அதாவது 40 கிராம். அதிலிருந்து வருவது 160 கலோரி. அன்றையத் தேவையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு, ஒரு சத்துமின்றி இறங்கிவிடுகின்றது. பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பதும் சலரோகக்காரருக்குச் சீனிதான், அதில் மயங்கவேண்டாம். சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பிற் சேர்வது குறையும். ஆகையால் உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுக. இரண்டாவது உப்பு. உலக சுகாதார ஸ்தாபனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு தேக்கரண்டியிலும் குறைய, என்று சொல்கின்றது. முதுமையிலே நாவின் சுவையுணர்ச்சி மங்குவதனால் "உப்புக் காணாது" என்பார்கள். அதற்குத் தேசிக்காய், மிளகு, சீரகம், உள்ளி, கறிவேப்பிலை இவற்றால் மறுமொழி சொல்லவேண்டும்.

தண்ணீரையும் மறவாதீர்கள். வயதானவருக்குத் தாகம் தோன்றுவது மந்தமாகும். தாகமில்லை என்பதனால் தண்ணீர் வேண்டாம் என்று பொருளன்று. இரவில் எழும்ப வேண்டுமென்று அஞ்சிப் பகலிலும் குடிக்காமல் விடுபவர்கள் பலர். பகற்பொழுதிலே தண்ணீர், மோர், கஞ்சித்தண்ணீர் என்று அடிக்கடி கொடுத்து, மாலைக்குப் பின்னர் குறைத்துக்கொள்ளலாம். இருதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ வைத்தியர் தண்ணீரை அளவிட்டிருந்தால் அந்த அளவே அளவு.

இந்தச் சபையிலே விரதத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று. கந்தசஷ்டி ஆறு நாள். கேதாரகௌரி இருபத்தொரு நாள். எங்கள் தாய்மாரின் மனவுறுதி இவ்விரதங்களிற் தெரியும். ஆனால் சலரோகத்துக்கு இன்சுலின் ஊசியோ சீனியைக் குறைக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவர், மருந்தை எடுத்துவிட்டு உணவை விட்டால் இரத்தத்திற் சீனி திடீரென்று இறங்கும். வியர்த்தல், நடுக்கம், தடுமாற்றம் கண்டு மயங்கி விழ நேரும், உயிருக்கும் ஆபத்து. மருந்தையும் விட்டாலோ சீனி ஏறிவிடும். ஆகவே விரதம் தொடங்கு முன்னரே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டறிதல் கட்டாயம். முதியோரும் நோயாளரும் பாலும் பழமும் கொண்டு, அல்லது ஒருவேளை உணவு கொண்டு, விரதம் காப்பது எம்மவரிடையே நெடுங்காலமாக உள்ள வழமைதானே. அதனைக் குறைவாகப் பேசாதிருப்பது மற்றவர்களின் கடமை. ஒரு தாயார் மயங்கி விழுவதனை எந்தத் தெய்வமும் விரும்பாது.

உணவிருந்தும் உண்ணாமைக்குக் காரணங்கள் பல. பல் இல்லை, அல்லது கட்டின பல் பொருந்தவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கடிக்கவேண்டியதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பாணைத் தேநீரிற் தோய்த்து உண்பார். சில மருந்துகள் வாயைக் கசக்கச் செய்யும். இவை பல்வைத்தியரும் வைத்தியரும் தீர்க்கக்கூடியவை. எல்லாவற்றிலும் பெரிய காரணம் தனிமை. "எனக்கொருத்திக்கு என்ன சமையல்?" என்ற சொல்லை நாம் எத்தனை வீட்டிற் கேட்டிருக்கின்றோம்! நாற்பது வருடம் ஏழெட்டுப் பேருக்கு உலையேற்றிய கை, தனக்கென்று ஒரு பிடி அரிசி போடக் கூசுகின்றது. இந்த நோய்க்குப் பேணியில் அடைத்த சத்துமா மருந்தாகாது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பும் அப்பேணிகளை நாம் பழிக்கவில்லை. நோயுற்றோருக்கு வைத்தியர் சொன்னால் அவை உதவும். ஆனால் அவற்றுட் சிலவற்றிற் சீனியும் உண்டு; வாங்கு முன் பேணியின் புறத்தே எழுதியிருப்பதை வாசித்துப் பார்க்கவேண்டும்.

உண்ட புரதம் தசையாக வேண்டுமாயின் தசைக்கு வேலை வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020 ஆம் ஆண்டு அறிவுரைப்படி, முதியோரும் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்புச் செய்யவேண்டும். அத்துடன் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும். கோயில் வீதியைச் சுற்றி நடப்பது முதலாவதற்கு உதவும். கதிரையிலிருந்து கையூன்றாது பத்து முறை எழுந்து அமர்வது இரண்டாவதற்கு உதவும். சுவரோரம் நின்று, ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் சிறிது நேரம் நிற்பது மூன்றாவதற்கு உதவும்.

வாலிப அன்பர்களே, இனி உங்கள் பங்கு. பெரிய திட்டம் எதனையும் நாம் கேட்கவில்லை. மூன்று சிறு காரியங்களைக் கேட்கின்றோம்.

ஒன்று: உங்கள் வீட்டிலும் அயல் வீட்டிலுமுள்ள முதியோரின் நிறையை மாதம் ஒருமுறை நிறுத்து ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். தாம் முயலாமலே ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், 55 கிலோவில் ஏறக்குறைய 3 கிலோ குறைந்தால், அது வயதின் இயல்பென்று இருக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, கைகளை மார்பிற் கட்டியபடி ஐந்து முறை கதிரையிலிருந்து எழுந்து அமரச் சொல்லுங்கள். 12 செக்கன் அல்லது அதற்கு மேற் சென்றால் காலின் வலு குன்றிவருகின்றது என்பதற்கு அது அறிகுறி.

இரண்டு: வாரத்தில் ஒரு நாளாவது தனித்திருக்கும் ஒருவருடன் கூடியிருந்து உண்ணுங்கள். உங்கள் வீட்டுப் பயற்றங்கஞ்சியை ஒரு பாத்திரத்தில் எடுத்துச் சென்றாலும் போதும். வைத்துவிட்டுத் திரும்பாமல் இருந்து உண்ணுங்கள். ஒடியற்கூழ் காய்ச்சும் நாளிலே அயலையெல்லாம் அழைத்து வட்டமாக அமர்ந்து குடித்த ஊர்கள் எங்களுடையவை. மீனும் கீரையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்ந்த அந்தக் கூழிலே புரதமும் உண்டு, தாதுப்பொருளும் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. கூடவிருந்தவர்களின் பேச்சும் உண்டு. அதனை எந்த அட்டவணையிலும் அளந்து எழுதவில்லை.

மூன்று: வீட்டிலே பரிமாறும்போது கவனியுங்கள். மீனின் நடுத்துண்டு உழைப்பவருக்கும் முட்டை பிள்ளைக்கும் பால் படிப்பவனுக்கும் போய், மிஞ்சிய குழம்பு பெரியம்மாவுக்கு என்று வைப்பது பல வீட்டு வழக்கம். அவரும் "எனக்கு வேண்டாம், பிள்ளைக்குக் குடு" என்றே சொல்வார். அவர் ஆயுள் முழுவதும் அப்படித்தான் சொல்லிவந்தார். அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகிய நாம், இனிக் கேளாமல் இருக்கப் பழகவேண்டும். அவர் கோப்பையிற் சோற்றைக் குறையுங்கள். பருப்பையும் கீரையையும் மீனையும் தயிரையும் கூட்டுங்கள்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம். உங்களுக்காகச் சமைப்பதை வீண்செலவென்று எண்ணாதீர்கள். நீங்கள் கைத்தடியின்றி வாசல் வரை நடந்து வருவது உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பெருஞ் செல்வம். இளையவர் ஒருவர் கோப்பையை நீட்டினால் மறுக்காமல் வாங்குங்கள்.

யாவரும் நல்லுணவு உண்டு, நடமாடும் கால்களோடு நீண்டகாலம் வாழ்வீர்களாக.